ஹெல்மெட்டில்தானே தட்டினேன்

வேலாயுதம் அண்ணன் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. என் ஹெல்மெட்டைத்தான் அடிப்பார். கையில் இருக்கும் பெரிய ஸ்பேனரால் உச்சியில் ஓங்கி ஒன்று வைப்பார். டொக் என்று சத்தம் வரும், கழுத்து உள்ளே இறங்கும், பல் நாக்கைக் கடித்துவிடும். முதல் வாரம் நான் திரும்பி முறைத்தபோது அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

“உன் தலையிலயா தட்டினேன்? ஹெல்மெட்லதான லா.”

நான் டானியலா. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பயிற்சிக்கு வந்தவள். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, மற்ற நாளெல்லாம் வேலை. ஃபோர்மன் வேலாயுதம் ‘இவள் தேறுவாள்’ என்று வாய் திறந்து சொன்னால்தான் எனக்கு டிப்ளோமா. இது எனக்கு இரண்டாவது இடம். போன வருஷம் ஓர் ஏர்கான் பட்டறையில் சூப்பர்வைசர் என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவனுக்கு மூக்கு போயிற்று, எனக்கு வேலை போயிற்று. இங்கேயும் கை நீட்டினால் மூன்றாவது இடம் கிடையாது என்று படிக்கிற இடத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார் அப்பா, பஸ் ஓட்டிவிட்டு வந்து தோ பாயோ வீட்டில் காலை நீட்டியபடி. வேலாயுதம் அண்ணன் அணைக்க வந்தால் அதற்கு வேறு தனியாகப் போலீசுக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். அம்மா சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொள் என்றாள். நாக்கைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் ரஷீதாவிடமும் போய்ப் பார்த்தேன். அவர் நல்லவர், காப்பி வாங்கிக் கொடுத்தார். இந்த ஃபீல்டே அப்படித்தான், ஹெல்மெட் அதற்குத்தானே இருக்கிறது என்றார். மறுநாள் காலையிலேயே விஷயம் வேலாயுதத்தின் காதுக்குப் போய்விட்டது. அன்று எனக்கு விழுந்த அடியில் ஹெல்மெட்டின் உள்பட்டை அறுந்தது.

எங்கள் வேலை இப்படி. ஒருவர் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நிற்க வேண்டும். இன்னொருவர் கீழே குழியில் நின்று கூண்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கூரையில் மேலே, கீழே என்று இரண்டு பட்டன்கள் உண்டு. அழுத்திப் பிடித்திருக்கும் வரை கூண்டு ஆமை வேகத்தில் நகரும், விரலை எடுத்தால் நின்றுவிடும். குழிச் சுவரில் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். அதை அமுக்கிவிட்டால் மேலே யார் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கூண்டு அசையாது. முதலில் சுவிட்ச், பிறகுதான் கால் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். கூண்டை நகர்த்துவதென்றால் ஆள் குழியைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

வேலாயுதத்துக்கு இதெல்லாம் குழந்தை விளையாட்டு. அமுக்கி, எடுத்து, ஏறி, இறங்கி என்று நேரம் போகிறதாம். அவர் சுவிட்சைத் தொடவே மாட்டார். குழியில் நின்றபடியே, கூண்டு ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் மேலே, மூன்று என்றால் கீழே. இருட்டுக் கிணறு மாதிரியான அந்த இடத்தில் குரல் எதிரொலித்துக் குழம்பும், இரும்பு குழம்பாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒரு தடவை நான் “கன்ஃபர்மா அண்ணே?” என்று கேட்டுவிட்டு அழுத்தினேன். வேலை முடிந்து இறங்கியதும் டொக்.

“நான் தட்டினா யோசிக்காத. செய். யோசிக்கிறதுக்கு உனக்குச் சம்பளம் இல்ல.”

அன்று சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய கடைக் கட்டடத்தில் வேலை. கீழே புடவைக் கடையும் நகைக் கடையும். லிஃப்ட் எப்போது ஓடும் என்று கடைக்காரர்கள் மாற்றி மாற்றி வந்து கத்தியதில் வேலாயுதம் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தார். நான் கூரையில். அவரும் நிதீஷும் குழியில். நிதீஷ் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். கல்யாணமானவன், யாரையும் எதிர்த்துப் பேசாதவன்.

கீழே ஏதோ போல்ட் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு டொக். டொக். மூன்றாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. அதில் பிளாஸ்டிக் இல்லை. நிதீஷ் “அம்மா” என்றான், சின்னப் பையனைப் போல. அவனுடைய ஹெல்மெட் கழன்று உருண்டிருக்கிறது, வேலாயுதத்தின் கை நிற்கவில்லை.

கூண்டின் ஓரத்துச் சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். நிதீஷ் தட்டுத்தடுமாறிக் குழியைவிட்டு ஏறினான். டார்ச் வெளிச்சத்தில் அவன் காதிலிருந்து சட்டைவரை ரத்தமாக இருந்தது. குழியைவிட்டு வெளியேறுகிறவன் குரல் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த நிலையிலும் அவன் குரல் கொடுத்தான்.

“நிதீஷ் அவுட்.”

இப்போது கீழே வேலாயுதம் மட்டும்தான். இன்னும் அவருக்கு ஆத்திரம் தீரவில்லை. நிதீஷின் அம்மாவையும் என் அம்மாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே தண்டவாளத்தை ஸ்பேனரால் அடித்தார். டங். டங். டங்.

அது எனக்கான சைகை இல்லை. கோபத்தில் கையில் கிடைத்ததை அடிக்கிற மனிதர் அடித்தது, அவ்வளவுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று மூன்றுதான். நான் யோசிக்கவில்லை, யோசிக்க எனக்குச் சம்பளம் இல்லை. கீழே என்ற பட்டனை அழுத்தினேன்.

கூண்டு இறங்கியது. திட்டு நின்றது. “ஏய்” என்றார். “ஏய், நிறுத்து” என்றார். குரலுக்கு மதிப்பில்லை, இரும்புக்குத்தான் மதிப்பு. ஒரு தட்டுத் தட்டியிருந்தால்கூட நின்றிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தமும், அவர் ஏணியில் ஏறப் பார்க்கிற சத்தமும் எனக்குக் கேட்டன.

பிறகு டொக். கூண்டு அவர் ஹெல்மெட்டைத் தட்டியது.

என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. நன்றாக இருந்தது. கீழே பிளாஸ்டிக் நெரிந்து விரிசல் விட்டது. எலும்பா மரமா என்று தெரியாத ஒன்று முறிந்தது. அவர் போட்ட அலறலில் புடவைக் கடைப் பெண்கள் வெளியே ஓடி வந்தார்கள். என் விரல் பட்டன் மேலேயே இருந்தது. கூண்டு அரை அங்குலம் குலுங்கி நின்றது.

நான் நிறுத்தவில்லை. அவர் எப்படியோ இருட்டில் சுவரைத் துழாவிச் சிவப்பு சுவிட்சை அமுக்கிவிட்டார். நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைத் தொட்டது அன்றுதான். அதற்குப் பிறகும் நான் அழுத்திக்கொண்டிருந்தேன். நகக்கண் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்துத்தான் விரலை எடுத்தேன்.

அவரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கூண்டை மேலே தூக்க வேண்டும். தூக்க வேண்டுமென்றால் அவரே அந்தச் சுவிட்சை விடுவிக்க வேண்டும். வேறு கை அங்கே போகாது. விடுவித்தால் பிறகு எல்லாம் என் விரலில்தான். அவருக்கும் அது தெரியும். அதனால் அவர் விடவில்லை. முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நிதீஷ், இவரால் ரத்தம் ஒழுகுகிற அதே நிதீஷ், தரையில் படுத்து, கூண்டின் அடிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் தலையைவிட்டுக் கெஞ்சினான்.

“சுவிட்ச விடுங்கண்ணே. டானியலா மேல தூக்கிடும். பாவம்ணே அது, தெரியாம செஞ்சிருச்சு.”

அவன் மறுபடியும் மறுபடியும் கெஞ்சினான். அப்புறம் க்ளிக் என்று சுவிட்ச் விடுபட்டது. தண்டவாளத்தில் மெதுவாக, விரல் கணுவால் தட்டுகிற மாதிரி, இரண்டு தட்டு.

என் கட்டைவிரல் இரண்டு பட்டன்களுக்கும் நடுவில் இருந்தது. கீழே போ என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். அவளைத் தடுத்தது அம்மாவுமில்லை, டிப்ளோமாவுமில்லை. நிதீஷின் தலை அந்தச் சந்துக்குள் இருந்தது, அவ்வளவுதான். அவனை நகரச் சொல்லிக் கத்திவிட்டு, மேலே அழுத்தினேன்.

வேலாயுதத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது, முன்பல் இரண்டு போயிருந்தது. கொஞ்ச நாள் கழித்து பூன் லே ஆபீசில், ஏழாம் மாடியில், எங்கள் மூவரையும் ரஷீதா உட்கார வைத்தார். நிதீஷ் காதில் தையலோடு, ஏணியிலிருந்து வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, உடனே போய்விட்டது. வாயைத் திறந்தால் போவது அவன் பெர்மிட்.

கூண்டை இறக்கச் சொன்னது யார் என்று ரஷீதா கேட்டார். நான் வேலாயுதத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை என்று அவர் சொன்னால், பிறகு எதற்காகத் தண்டவாளத்தை அடித்தீர்கள் என்று கேள்வி வரும். நிதீஷின் காதுத் தையல்வரை அது போகும். அவர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார்.

“நான்தான் மூணு தட்டினேன். நான் சொன்னதத்தான் அவ செஞ்சா,” என்றார், முன்பல் இல்லாத வாயால். கொஞ்சம் கழித்து, “நல்லா வேல செய்றா. தேறிடுவா,” என்றார்.

ஒரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது வாயில் ரத்த ருசிதான் இருந்தது. மறுபடியும் நாக்கைக் கடித்திருந்தேன்.

வெளியே வந்து லிஃப்டுக்கு நின்றோம். நிதீஷ் கழிப்பறைக்குப் போயிருந்தான். வேலாயுதம் என் முகத்தைப் பார்க்காமல், கதவைப் பார்த்தே கேட்டார்.

“ஹெல்மெட்ல இடிச்ச சத்தம் உனக்குக் கேட்டுச்சுல்ல. அப்பவே கைய எடுத்துட்ட, இல்ல?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் கேட்க விரும்பினார், கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல். ஆனால் என் பெயரில் அவர் சொன்ன பொய்யே போதும் என்று இருந்தது எனக்கு.

“இல்லண்ணே. நீங்க சுவிட்ச அமுக்கின பிறகும் எடுக்கல.”

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நான் உள்ளே போய், அவருக்காகக் கதவைத் திறந்து வைக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றேன். அவர் என் விரலையே பார்த்தார். பிறகு திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏழு மாடியும் படியிலேயே இறங்கிப் போனார்.