கழுத்தளவு

கை கழுத்தில் இருக்கிறது, விரல்களைச் சேர்த்துத் தாடைக்குக் கீழே குறுக்காக வைத்தபடி முத்துப்பேச்சி தன் வீட்டு முற்றத்தில் நிற்கிறாள், இம்புட்டுத் தண்ணி தாயி, இந்தா, இம்புட்டு, கையை எடுத்துராதீங்க அக்கா என்கிறேன் நான், காஜா மைதீன் குனிந்து டேப்பின் முனையை அவள் கால்விரலருகே தரையில் அழுத்திப் பிடிக்கிறான், மறுமுனையை அவள் சுண்டுவிரல் வரை நான் இழுக்கிறேன், ஒன்று புள்ளி மூன்று பூஜ்யம் மீட்டர், பெனிட்டா நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போடுகிறாள், அவளுக்கு எதிலும் இரண்டு கோடு வேண்டும். சிவில் கடைசி வருடம், ஊருக்குப் பயன்படுகிற ஒன்றை வடிவமைத்துத் தர வேண்டும் என்பது அந்த ஆண்டு துறையின் உத்தரவு, மற்றவர்கள் சீனியர்களின் ரிப்போர்ட்டில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள், நாங்கள் மூவர்தான் பஸ் ஏறி வந்தோம், அதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் நாற்பது வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ஐப்பசி கார்த்திகையில் ஓடை நிறைந்தால் பிள்ளைகளுக்கு வீடே பள்ளிக்கூடம், ஒரு நடைபாலம் போதும், ஆனால் பாலம் எத்தனை உயரம் என்பதை வெள்ளம்தான் சொல்ல வேண்டும், இந்த மாதிரி ஓடைகளின் வெள்ளத்தை யாரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைப்பதில்லை, பார்த்தவர்களை விசாரித்து அளந்துகொள் என்கிறது பாடப்புத்தகம். விசாரித்தோம், மேட்டு வீட்டுக்காரர் முழங்காலைக் காட்டினார், அடுத்தவர் இடுப்பை, ஓடையோரம் கடைசி வீட்டில் இருந்த முத்துப்பேச்சி கழுத்தைக் காட்டினாள், இந்தா இவளத் தோள்ல வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன், என்று பக்கத்தில் நின்ற ஆறு வயது மகள் சண்முகக்கனியின் தலையைத் தொட்டாள், எதன் மேல் நின்றீர்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அந்தப் போட்டோ ரிப்போர்ட்டில் நான்காவது படம், அதற்கு ஒரு பிரதி போட்டுக் கொடுக்கலாமே என்று நான்தான் தனியாகப் போகிறேன், வைவாவுக்கு இரண்டு நாள் இருக்கிறது, ரிப்போர்ட்டின் நான்கு பிரதியும் தங்க எழுத்தில் பைண்டிங் ஆகி என் அறையில் அடுக்கியிருக்கிறது, இன்னும் காயாத பசை வாசனை, முத்துப்பேச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், என்ன தாயி, தரையிலல்லா நிக்கேன், அன்னைக்கு நான் அந்தக் கல்லு மேலல்லா ஏறி நின்னேன். முற்றத்து ஓரத்தில் துவைகல், அவள் துவைத்துக்கொண்டிருந்த துணி அதன் மேலேயே கிடந்தது, நான் ஏதோ செருப்பைச் சரிசெய்கிறவள்போல் குனிந்து முழங்கையால் அளந்தேன், ஒன்றரை அடி. வெள்ளத்துக்கும் பாலத்துக்கும் நடுவே பாதுகாப்புக்காக நாங்கள் விட்டிருந்த இடைவெளியும் அதே ஒன்றரை அடிதான், அது போனால் வெள்ளம் பாலத்தின் அடியை முட்டும், தண்ணீர் மட்டுமா வரும், வேரோடு பிடுங்கிய கருவேலமரமும் சேர்ந்து வரும், பாலத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். மாத்திக்கிடு தாயி, என்றாள், சரிக்கா என்றேன், அவள் தந்த மோரைக் குடித்தேன், உப்பு அதிகம். தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் என்ன முழம் என்ன என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சாணும் முழமும்தான் என் படிப்பே என்று தெரிந்தேதான் சொன்னேன், தூணை உயர்த்தினால் இருபுறமும் ஏறுபாதை நீளும், வரைபடம் பதினொன்று, எஸ்டிமேட், பைண்டிங், பெனிட்டாவின் இரண்டு கோடுகள், எல்லாம் மாறும், நான் வாயைத் திறக்கவில்லை. வைவாவில், வெள்ள மட்டம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நேரில் விசாரித்தோம் சார், நான்காவது படம், பலே, மக்களிடம் போனவர்கள் நீங்கள் மட்டும்தான், துறையிலேயே எங்களுக்குத்தான் முதல் மதிப்பெண், எங்கள் புரொபசர் சந்தோஷத்தில் வரைபடத்தை ஒன்றிய அலுவலகத்துக்கே கொடுத்துவிட்டார், காஜா அன்று எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தான், நானும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு மழைக்காலம் எனக்கு மழைக்காலமாக இல்லை, சென்னையில் ஒரு அடுக்குமாடி சைட்டில் கம்பி எண்ணிக்கொண்டிருப்பேன், தென்மாவட்டங்களில் கனமழை என்று டிவியில் ஓடும், கல் தெரியும், துணியோடு. இரண்டு வருடம் கழித்துக் காஜா போன் செய்கிறான், நம்ம பாலம் வரலயாம்பா, அதுக்கு வச்ச பணம் வேற வேலைக்குப் போயிருச்சாம், அவன் குரலில் அத்தனை வருத்தம், நான் அடப்பாவமே என்றேன், போனை வைத்துவிட்டு மெஸ்ஸில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன், நிம்மதி, வேறு பெயர் அதற்கு இல்லை, நாற்பது வீட்டுக்குப் பாலம் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினெட்டு வருடம், இப்போது நான் பாடம் சொல்கிறவள், ஊருக்குப் பயன்படும் புராஜெக்ட் என்ற உத்தரவைப் பிள்ளைகளுக்குப் போடுகிறவளும் நானே, ஒரு குழு ஓடை, நடைபாலம் என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டியபோது ஊர்ப்பெயரைப் பார்த்தேன், வேறு ஊர் பாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, நானும் வேனில் ஏறினேன். வீட்டுக்கு ஓடு போய் கான்கிரீட் வந்திருக்கிறது, முத்துப்பேச்சிக்கு நரை, என்னை அடையாளம் தெரியவில்லை, எம் மக கனியா, எங்க சார் படிச்சா, ஆறாம் வகுப்போட நின்னுட்டா, மழைக்கு மழை லீவு போட்டா எந்த வாத்தியார் ஒத்துக்கிடுவாரு, கோயில்பட்டில கெட்டிக் குடுத்துட்டேன், என்று, வீட்டுப் பிள்ளைகள் படித்தார்களா எனக் கேட்ட என் மாணவனிடம் சொல்கிறாள், அவன் வெள்ளம் எவ்வளவு வந்தது என்று கேட்கிறான், அவள் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது, அவன் டேப்பை இழுக்கிறான், தரையிலிருந்து.

கல் மேல் ஏறி நின்று காட்டுங்கள் அக்கா, என் குரல்தான், பையன் திரும்பிப் பார்க்கிறான், அவள் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்க்கிறாள், பிறகு சேலையைத் தூக்கிச் செருகி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறுகிறாள், இதத்தான் முன்னமே ஒரு பிள்ளைட்டச் சொன்னேன், போட்டோ கொண்டாந்து குடுத்திச்சி, நல்ல பிள்ள, மாத்திக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போச்சி, என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுத்தில் வைக்கிறாள், கையை எடுத்துராதீங்க என்கிறான் பையன், டேப் தரையிலிருந்து கல்லைத் தாண்டி அவள் விரலுக்கு ஏறுகிறது, ஒன்று புள்ளி ஏழு ஐந்து, என் தலைக்கும் மேலே. அந்தப் பிள்ளை நான்தான் அக்கா, மாற்றவில்லை, என்றேன். பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவள் கல் மேல் நின்றபடி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன், சரி, இப்பமாவது எழுதிக்கோ, என்றாள், கழுத்திலிருந்து கையை எடுக்காமல்.