உமையாளின் முதல் புறா

நல்லப்பனைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருக்க, அவர் மனைவி உமையாள் பால்கனியில் நின்று உண்டிவில்லின் ரப்பரைக் காதுவரை இழுத்தாள். எதிரே மின்கம்பியில் ஒரு மணிப்புறா. மூச்சை நிறுத்தினாள், விட்டாள். த்வாண்டே ஊர்க் களிமண் உருண்டை புறாவை மட்டும் விட்டுவிட்டு எதிர்வீட்டுத் தகரத்தை அதிரவைத்தது.

"அம்மா, வீட்டுல பொணம் கெடக்கு," என்றான் மகன் கோபிகிருஷ்ணன்.

"அவரு எங்க ஓடிறப் போறாரு. அவரு கேட்ட புறாதான் பறந்துரும்."

மழைக்காலம் முடிந்ததிலிருந்து இதே பாடுதான். கஞ்சி தவிர எதுவும் கூடாதென்று மருத்துவர் சொன்ன அன்றே, படுக்கையில் விழுந்த நல்லப்பனுக்குப் புறாக்கறி மேல் ஆசை வந்துவிட்டது. கடையில் வாங்கிய புறா ஆகாதாம், அடித்த புறாதான் ருசியாம். ரப்பரை இழுக்க அவர் கையில் தெம்பில்லை. ஆயுளில் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்தறியாத உமையாளிடம் வில்லைக் கொடுத்தார்.

"புறாவப் பாக்காத. அது கழுத்துப் புள்ளியப் பாரு," என்பார் கட்டிலிலிருந்து.

"எனக்குப் புறாவே தெரியல. புள்ளிக்கு எங்க போறது?"

லான்மடாப் பேட்டையில் அவள் வில்லுக்குத் தப்பியது புறா ஒன்றுதான். தண்ணீர்த்தொட்டி, காயப்போட்ட லோஞ்சிக் கைலி, மோகிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்பவளின் அண்டா எல்லாம் அடி வாங்கின. அவள் பால்கனிக்கு வந்ததும் தெருநாய்கள் புறா மேய்கிற இடத்தில் போய் ஒண்டிக்கொண்டன. அதைவிடப் பத்திரமான இடம் ரங்கூனிலேயே கிடையாது.

மருமகள் சுனிதா பாதி பர்மாக்காரி. மாமனார் பிழைக்கட்டும் என்று புத்தர் பகோடா வாசலில் புறா வாங்கிவந்து வாராவாரம் பறக்கவிட்டாள். மாமியார் அடிக்க, மருமகள் விட, வானத்துப் புறாக்களே குழம்பிப் போயின.

"பாவம் சேருது அத்தே."

"ஒண்ணுகூட விழலியேடி. விழாத புறாவுக்கு ஏது பாவம்?"

நேற்றுச் சாயங்காலமும் நல்லப்பன் கேட்டார், "விழுந்துச்சா?"

"நாளைக்கு விழும்," என்றாள்.

இப்போது சுனிதா கடைசிப் புண்ணியமாக ஒரு கூண்டைத் திறந்தாள். புறா வெளியே வந்து, பறக்காமல், பால்கனிக் கைப்பிடியில் உட்கார்ந்தது. உமையாளுக்குக் கைக்கெட்டும் தூரம். கழுத்துப் புள்ளிகள் முதன்முறையாக அவள் கண்ணுக்குத் தெரிந்தன. ரப்பர் காதுக்கு வந்தது. கூடத்தில் அழுதவர்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"அத்தே, வேணாம்."

உமையாள் வெகுநேரம் குறி பார்த்தாள். பிறகு வில்லைத் தாழ்த்தினாள்.

"இது கடைப்புறா. இத அடிச்சா அந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்து ஏசுவாரு."

உள்ளங்கையால் கைப்பிடியை ஓங்கித் தட்டினாள். புறா எழும்பிப் போயிற்று.

சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். உமையாள் வில்லை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றது நம்ம வழக்கமில்ல தங்கச்சி," என்றார் உறவுக்காரப் பெரியவர் செல்லக்கண்ணு.

"அங்க மரம் இருக்கா அண்ணே?"

"இருக்கு. பெரிய வாகை."

"அப்பப் புறாவும் இருக்கும்."

ஐந்தாம் மாடியிலிருந்து பெட்டி இறங்கியது. திருப்பத்தில் சுவரில் இடிக்கப் பார்த்தது.

"குறி பாத்துப் போங்கடா," என்றாள் பின்னாலிருந்து.

படிக்குப் படி, அவள் மடியில் களிமண் உருண்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.