மூக்கில்லாத கிளி

பேஸ் டிரம்மின் தோலைக் கழற்றியதும் உள்ளிருந்து ஒரு தலையணை பிதுங்கி வந்தது. டாக்டரின் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

டாக்டர் என்பது பழைய டிரம் வாங்குகிறவர்கள் வைத்த பெயர். அவர்கள் விளையாட்டாகத்தான் வைத்தார்கள்; அவர் நிஜமாகவே ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிவிட்டார். அதை டிரம்மின் விலாவில் வைத்து, கண்ணை மூடி, எந்த வருஷம், யார் வாசித்தது என்று சொல்லிவிடுவார். இதற்கும் போன வாரமே சொல்லியாயிற்று: மறைந்த டிரம் மேதை ஒருவர் வாசித்தது, சந்தேகமில்லை. கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு. தோலைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை.

தலையணை உறையில் நூலால் தைத்த இரண்டு கிளிகள். ஒன்றுக்கு மூக்கில்லை. சிவப்பு நூல் தீர்ந்துபோய் அவர் மனைவி ஊசியை எடுத்துவைத்த அன்று சாயங்காலம்தான், டிரம் ரொம்ப அதிர்கிறது என்று அவர் அதைத் தூக்கி உள்ளே திணித்தார். அப்போது அவர் வெறும் டிரம்மர். அவள் ஒரு வாரம் தேடினாள். “நான் பாக்கலையே” என்றார். பிறகு குழு கலைந்தது, டிரம் தலையணையோடு கைமாறியது. நாலு கை, நாலு பெயிண்ட் தாண்டி வந்ததில் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. இப்போது உள்ளே குனிந்து பார்த்தார். விரிசலுக்கு அவர் ஒட்டிய மர ஸ்கேல், எண்கள்கூட அழியாமல் இருந்தது.

வீட்டில் எது தொலைந்தாலும் அவள் சொல்வாள்: “என் தலகாணி போன எடத்துக்குப் போயிருக்கும். கெடச்சா சொல்லுங்க.” ஆஸ்பத்திரியில் மூக்குக்கண்ணாடியைக் காணாதபோதும் அதைச் சொல்லித்தான் சிரித்தாள். அவள் போய் இரண்டு வருஷம்.

“யாரோட தலகாணி டாக்டர்?” என்றார் டிரம்மை வாங்கியிருந்த சேர்மன். எதற்குச் சேர்மன் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டே வார்த்தை. ‘என் வீட்டுக்காரியோடது.’ சேர்மனின் கையில் சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளத்தது.

“தெரியல சார். குப்பை. குடுங்க, நான் போட்டுடறேன்.”

“குப்பையா! மேதை தலை வச்சுப் படுத்ததுய்யா!” சேர்மன் அதை முகர்ந்து கண் கலங்கினார். “இன்னும் தாளம் மணக்குது. நீங்களே பாருங்க.”

டாக்டர் முகத்தைப் புதைத்தார். வந்தது மக்கல் வாசனைதான். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்.

“போதும் டாக்டர், மிச்சம் வையுங்க.”

சேர்மன் நடத்திய கண்காட்சியில் டிரம்மை மூலையில் வைத்திருந்தார்கள். நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் தலையணை. “மூக்கில்லாத கிளி மௌனத்தின் குறியீடு” என்று சேர்மன் பேச, கைதட்டல் அடங்க நேரமாயிற்று. “இதைக் கண்டுபிடிச்ச நம்ம டாக்டர் ரெண்டு வார்த்தை சொல்வார்!”

டாக்டர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஆடியது.

“ரொம்ப சந்தோஷம்” என்றார்.

கூட்டம் டீக்குப் போனபின் அவர் பெட்டியருகே குனிந்தார்.

“கெடச்சிடுச்சும்மா” என்றார். மூச்சு பட்டு, கிளியின் முகத்துக்கு நேரே கண்ணாடி மங்கியது. அந்த மங்கலில் விரல் நுனியால் வளைவாக ஒரு மூக்கு வரைந்தார்.

ஓரங்களிலிருந்து கண்ணாடி தெளியத் தொடங்கியது. அவர் மறுபடி ஊதினார்.