இரண்டு கையெழுத்து

பிணவறைச் சரிவுப் பாதையில் இருந்தவர்கள்: செத்தவரின் மகள், அவளுடைய தம்பி, செத்தவர் ஓட்டிய பஸ்ஸில் இருபத்தேழு வருஷம் விசில் ஊதிய கண்டக்டர், சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த வேன் டிரைவர். செத்தவரையும் சேர்த்தால் ஐந்து பேர். சேர்ப்பதா வேண்டாமா என்று மகளுக்குத் தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து அவளுக்கு எதுவுமே தெரியவில்லை.

ஸ்ட்ரெட்சரின் முன் சக்கரம் ஒன்று சுழலாமல் இழுத்துக்கொண்டு வந்தது. தம்பி அதை எட்டி உதைத்தான்.

"மெதுவாடா."

"அவருக்கு என்ன, வலிக்கவா போகுது?"

சொல்லிவிட்டு அவனே குனிந்து சக்கரத்தைக் கையால் நேராக்கினான்.

"இன்னொரு தடவ சொல்லு. உன்கிட்ட அப்பா என்ன சொன்னார்?"

"எத்தன தடவக்கா? 'தூங்க வச்சிடச் சொல்லுடா, அவன் எலும்புல துளை போடற சத்தத்த எவன் கேக்கறது'ன்னார். நான் நர்ஸக் கூப்பிட்டேன், கையெழுத்துப் போட்டேன். முடிஞ்சுது."

முடியவில்லை. அவளும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மூன்று நாளைக்கு முன்னால் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைக்க வேண்டும் என்றார்கள். நேற்றுக் காலை மயக்க மருந்து டாக்டரம்மா வந்து கட்டிலருகே நின்று இரண்டு வழி சொன்னாள். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், ஆள் முழித்திருப்பார். முழு மயக்கம் என்றால் தொண்டையில் குழாய் இறக்கி மெஷின் மூச்சு விடும், ஆளுக்கு எதுவும் தெரியாது.

"எது நல்லது டாக்டர்?"

"ரெண்டும் நல்லதுதான். ரெண்டுலயும் பயமும் இருக்கு. அவருக்கு நுரையீரல் சரியில்ல, அதனால நான் முதுகு ஊசின்னுதான் சொல்லுவேன். ஆனா சில பேரால முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்க முடியாது. அவரயும் கேட்டுச் சொல்லுங்க."

மகளுக்கு பாட்டில் மூடித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நல்லது வலது கூடைக்கு, கோணல் இடது கூடைக்கு. ஒரு ஷிஃப்டுக்கு ஆறாயிரம் மூடி, ஒன்றுக்குக்கூட அவள் கை தயங்கியதில்லை. இரண்டு கூடைக்கும் பொருந்துகிற மூடியை அவள் பார்த்ததில்லை.

அப்பாவைக் கேட்டாள்.

"முழிச்சே இருக்கேன் பாப்பா," என்றார். "அடுத்தவன் ஓட்டும்போது நான் என்னிக்குத் தூங்கியிருக்கேன்?"

உண்மைதான். அவர் எந்த வண்டியில் ஏறினாலும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அவள் முதுகு ஊசிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனாள். சாயங்காலம் தம்பி வந்தான். போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து பழகியவன், ரத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே உதடு வெளுத்துவிடும். அவனிடம் அப்பா தூங்க வைக்கச் சொன்னார். அவன் இன்னொரு படிவத்தில் கையெழுத்துப் போட்டான். முதல் படிவத்தை யாரும் கிழிக்கவில்லை. நர்ஸ் இரண்டையும் ஒன்றாகக் குத்திக் கோப்பில் வைத்துவிட்டாள்.

இன்று காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அக்காவும் தம்பியும் அருகருகேதான் உட்கார்ந்திருந்தார்கள். "வலி தெரியாதுல்ல?" என்றாள் அவள். "தெரியாது," என்றான் அவன். அவளுக்கு அப்பா உள்ளே முழித்திருந்தார், அவனுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கோப்பு கைக்கு வந்தபோதுதான் இரண்டு படிவமும் கண்ணில் பட்டன. அவள் நேரே டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா தலைத்தொப்பியைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"நானும் பார்த்தேன்மா. அதனால மேஜையில படுக்க வச்சு அவரயே கேட்டேன். 'பொண்ணு எதுல போட்டிருக்கு?'ன்னார். முதுகு ஊசின்னேன். 'சரி, அதான்'ன்னார். 'பையன்?'னார். முழு மயக்கம்னேன். 'அதுவும் சரிதான்'ன்னார்."

"அப்புறம்?"

"முதுகுலதான் போட்டேன். முக்கால் மணி நேரம் நல்லா இருந்தார். திடீர்னு மூச்சு வாங்குச்சு. கால்லேர்ந்து ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கணும். உடனே மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டோம். எவ்வளவோ பார்த்தோம்மா."

"அப்ப எது கொடுத்தீங்க?"

"ரெண்டும்."

"மொதல்லயே தூங்க வச்சிருந்தா?"

"கட்டி வந்துதான் இருக்கும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

"முழிச்சிருந்தப்ப பயந்தாரா?"

டாக்டரம்மா தலைத்தொப்பியைக் கழற்றினாள். "தெரியலம்மா. மேல இருக்கற லைட்டப் பார்த்துக்கிட்டே இருந்தார். 'எங்க வந்திருக்கோம்?'னு ரெண்டு தடவ கேட்டார். பாதி வந்துட்டோம்னு சொன்னேன்."

அப்பா உள்ளே முழித்திருந்ததைத் தம்பியிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. முழித்திருந்தது அப்பாவுக்கு வேண்டியிருந்ததா, அவளுக்காக முழித்திருந்தாரா? இது ஒன்று தெரிந்தால் போதும். அப்பா யாரிடம் எதைச் சொன்னாலும் அதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை எடுக்கத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். ஆறு வருஷமாக அந்த வேலைக்கு ஆளில்லை.

"என்ன ரெண்டு பேரும் முணுமுணுன்னு?" என்றார் கண்டக்டர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் அவர் குரல் கடைசி சீட்டுவரைக்கும் கேட்கும்.

இரண்டு படிவத்தையும், அப்பா ஆளுக்கு ஒன்று சொன்னதையும் அவள் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் மூக்கைச் சிந்தினார்.

"எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? ஆபரேஷனே வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுன்னான்."

"எப்ப மாமா?"

"முந்தாநேத்து. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" தம்பி குரலை உயர்த்தினான்.

"என்னத்தச் சொல்றது? இந்த வயசுல கத்தி வேணாம்ப்பான்னு மொதல்ல ஆரம்பிச்சது நான். அவன் தலையாட்டினான். டிப்போல அவனுக்குப் பேரே ஹேண்ட்பிரேக்குதானேம்மா. எவன் கையக் காட்டினாலும் நிறுத்துவான். நான் விசில் ஊதி ஊதி வாய் வீங்கினதுதான் மிச்சம். யாருக்கு எங்க எறங்கணுமோ அங்க எறக்கி விடுவான்."

"அவருக்கு எங்க எறங்கணும் மாமா?"

கண்டக்டர் விழித்தார். "டிரைவர்கிட்ட அத எவம்மா கேக்கறான்?"

வேனின் பின்கதவு திறந்திருந்தது. நான்கு பேருமாக ஸ்ட்ரெட்சரை உள்ளே தள்ளினார்கள். டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு, அதில் கையகலக் கண்ணாடி. அதற்கு அப்பால் முன் கண்ணாடியும், வெயில் விழுந்த கேட்டும், ரோட்டில் ஒரு துண்டும் தெரிந்தன.

"ஒருத்தர் முன்னாடி உக்காரலாம்," என்றார் வேன் டிரைவர்.

"அக்கா, நீ உக்காரு. நானும் மாமாவும் என் வண்டில வர்றோம்."

அவள் முன்பக்கம் போனாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். என்ன நினைத்தாளோ, திரும்பிப் பின்பக்கம் வந்து ஏறினாள்.

"பின்னாடி ஆள் ஏறக்கூடாதும்மா. உள்ள சீட்டு கிடையாது."

"பரவால்ல. இப்படியே ஒக்காந்துக்கறேன்."

"அவ ஸ்டாண்டிங்ல வரட்டும்ப்பா, விடு," என்றார் கண்டக்டர். சிரிப்பதற்காகச் சொன்னார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"பார்த்து ஓட்டுங்க," என்றாள் அவள்.

"இங்கேர்ந்து அரைமணி நேரந்தான்மா."

தலைமாட்டில் தகரத்தரையில் குந்தி உட்கார்ந்தாள். முகத்திலிருந்த துணியை நெற்றிப் பக்கத்திலிருந்து மெல்ல ஒதுக்கினாள். புருவம் வந்தது, கண் வந்தது. இரண்டு கண்ணும் நன்றாக மூடியிருந்தன. மூக்குவரை வந்ததும் கை நின்றுவிட்டது. இன்னும் கீழே இறக்குவதா, மறுபடி மேலே இழுத்து மூடுவதா என்று துணியின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

டிரைவர் ஒரு கதவைச் சாத்தினார், பிறகு மற்றதை. சாவியைப் போட்டு வெளியிலிருந்து பூட்டினார்.