குதிக்கச் சொன்ன போர்டு

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேட்டில் ஹெலனுக்குச் செக்யூரிட்டி வேலை. ஷிஃப்ட் முடிந்து போகும் பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். கையை விரித்து, எங்கோ பார்த்தபடி நிற்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளிடம் யாரும் நின்று பேசியதில்லை.

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் அப்பாவு ஒரு தாளோடு வந்தார்.

"புது மேனேஜர் இங்கிலீஷ்ல குடுத்துக்கிறாரு. போர்டுல தமிழ்ல எழுதிடும்மா. உன் கையெழுத்து நல்லாக்கீது."

வெளியே போகும்போது எல்லோரும் ஏதோ செய்யவேண்டும் என்பதுவரை ஹெலனுக்குப் புரிந்தது. அதிலிருந்த 'ஃப்ரிஸ்க்' என்ற வார்த்தை மட்டும் புரியவில்லை. செல்போன் அகராதியில் தேடினாள். துள்ளிக் குதித்தல், ஆட்டுக்குட்டிபோல் விளையாடுதல் என்று வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து உடற்பயிற்சி செய்யச் சொல்லும் கம்பெனிதானே. செய்தாலும் செய்வார்கள்.

'வெளியே செல்லும் முன் அனைவரும் துள்ளிக் குதிக்க வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள்.

சாயங்காலம் முதலில் வந்தவள் பேக்கிங் செங்கம்மாள். ஐம்பதைத் தாண்டியவள்.

"இன்னாமே இது?"

"மேனேஜர் ஆர்டர்க்கா."

"காலைலேர்ந்து நின்னுக்கினே கீறேன், இப்போ குதிக்கணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகி ஒரு குதி குதித்தாள். பின்னால் நின்ற பிரேமா இரண்டு தடவை குதித்தாள். வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. ஆண்கள் பக்கமும் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஹேமநாத் வந்தார். போர்டைப் படித்தார்.

"யார் எழுதினது?"

ஹெலன் அகராதியில் அந்த வார்த்தையைத் திறந்து போனை நீட்டினாள். அவர் திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்திக் காட்டினார். 'உடலைத் தடவிச் சோதித்தல்' என்று அங்கே இருந்தது.

"ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்தையா சார்?"

"ஒரே வார்த்தைதாம்மா." கண்டிப்பாகப் பேச வாயெடுத்தவர், கடைசியாகக் குதித்த ஆளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "செக்கிங்னே எழுதியிருக்கலாம் நான். மாத்திடு."

ஈரத் துணியால் போர்டைத் துடைத்துவிட்டு அவள் ஓடிப்போய்க் கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். செங்கம்மாள் பக்கத்து சீட்டிலிருந்த தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"இங்க வந்து குந்து. உன் பேரு இன்னா?"

"ஹெலன்க்கா."

"ஹெலனு, நாளைக்கு இன்னா எழுதப்போற? இப்பவே சொல்லிடு. எனக்கு முட்டி வலி."

பின் சீட்டிலிருந்து பிரேமாவும் பதிலைக் கேட்க எட்டிப் பார்த்தாள்.