இருபத்திரண்டு கேள்விகளும் ஒரு மகேஸ்வரனும்

ஐம்பத்துநான்கு வயது மனுஷனைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று அவர் பெற்ற மகளே கேட்டால் அவர் என்னதான் சொல்வார்?

"உங்கப்பன்மா" என்றார் தங்கராஜு.

ரூபினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். சனி ஞாயிறுக்குத்தான் கூலாயில் இருக்கும் வீட்டுக்கு வருவாள். இந்த வாரம் வரும்போது இருபத்திரண்டு கேள்விகளையும் அவற்றுக்கான மாதிரி விடைகளையும் அச்சடித்து, பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

தங்கராஜு வாழ்க்கையில் நேர்முகத் தேர்வையே பார்த்ததில்லை. பக்கத்து ஊரான செனாயில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்கு அவர் ஸ்டோர் கீப்பராகப் போன கதை ரொம்பச் சின்னது. "நல்ல பையன்" என்று மாமா ஒருவர் மேனேஜரிடம் சொன்னார், மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். இருபத்தாறு வருடம் ஓடிப்போனது. போன ஆகஸ்டில் தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டது.

இப்போது செனாயிலேயே புதிதாக வந்திருக்கும் ஒரு கிடங்கிலிருந்து செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. ஏழு மாதத்தில் வந்த ஒரே அழைப்பு அதுதான். இதுவும் போனால் மகேஸ்வரனின் கதிதான். அதே ஸ்டோரில் கூட வேலை பார்த்த மகேஸ்வரன் இப்போது ஒரு தாமானின், அதாவது வீடமைப்புப் பகுதியின், வாசலில் செக்யூரிட்டி கார்டு. பன்னிரண்டு மணி நேரம் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கிக்கொண்டு, கண்ணாடியைக்கூட இறக்காத கார்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். அதைத் தங்கராஜு ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டார். லாரிக்காரர்கள் வந்து சலாம் போட்ட மனுஷன் அவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?" என்றாள் ரூபினி.

"நான் எங்கம்மா விட்டேன்? அதுதானே என்னைய விட்டுட்டுப் போச்சு."

"ஐயோ, அப்படிச் சொல்லக்கூடாதுப்பா. புது சவாலைத் தேடுறேன்னு சொல்லணும்."

"இந்த வயசுல எனக்கு எதுக்குலா சவாலு? பழசே போதும்."

"சரி, உங்க பலவீனம் என்ன?"

"முழங்கால்."

"கோவம்" என்றது சமையலறை. அங்கே செல்லம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "குறட்டை. சொன்ன சாமானை மறந்துட்டு வர்றது. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வீட்டுல வந்து பொலம்புறது. இன்னும் வேணுமாடி?"

முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளின் வாக்குமூலம் அது, பொய்யே இருக்காது. ஆனால் ரூபினியின் கோப்பில் வேறு விடை இருந்தது. 'எதைச் செய்தாலும் கச்சிதமாகச் செய்யாமல் எனக்குத் தூக்கம் வராது. அதுவே என் பலவீனம்.' அட கர்மமே! குறையைச் சொல் என்றால் அதிலும் ஒரு பெருமையைச் சொருகிவிட இந்த ஆபீஸ்காரர்களால்தான் முடியும்.

பதினான்காவது கேள்வி வந்ததும் ரூபினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நெருக்கடி ஒன்றை எப்படிச் சமாளித்தீர்கள்?

அதற்குத் தங்கராஜுவிடம் நிஜமாகவே சரக்கு இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் சீனப் பெருநாள் சமயத்தில் கால்வாய் உடைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கு ஸ்டோருக்குள் தண்ணீர் புகுந்தது. முழங்கால் தண்ணீரில் தங்கராஜு தனி ஆளாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, சோபா துணி உருளைகள் அத்தனையையும் மேல் தட்டில் ஏற்றிக் காப்பாற்றினார். மகேஸ்வரன் மேசை மேல் ஏறி நின்று, "அலமாக்! பாம்பு! பாம்பு!" என்று கத்திக்கொண்டிருந்தான். அது தண்ணீர்க் குழாய்.

"இதைத்தான்பா சொல்லணும். நான் ஓட்டினேன், நான் காப்பாத்தினேன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லணும்."

தங்கராஜு நெளிந்தார். தன்னைத் தானே எப்படிப் புகழ்ந்துகொள்வது? அவர் பிறந்து வளர்ந்த இடத்தில் அதற்கென்று ஒரு முறை உண்டு. கல்யாண வேலையெல்லாம் நீங்களே பார்த்தீர்களாமே என்று கேட்டால், நான் என்ன பெரிதாகச் செய்தேன், எல்லாம் தம்பி செய்தான் என்று சொல்ல வேண்டும். உடனே எதிராளி, சும்மா சொல்லாதீங்க, எங்களுக்குத் தெரியாதா என்று விடாப்பிடியாகப் புகழ வேண்டும். இரண்டு பேரும் ஒழுங்காக விளையாடினால் பெருமையும் வரும், அடக்கமானவர் என்ற பேரும் வரும். இது ரூபினியின் கோப்பில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆனாலும் பிள்ளை ஆசையாகச் சொல்கிறதே என்று திங்கட்கிழமை முழுக்க அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று, காப்பாற்றினேன், காப்பாற்றினேன் என்று சொல்லிப் பழகினார். மாலைக்குள் ஓரளவு வாய்க்கு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கிடங்கின் ஆபீஸ் கதவைத் திறந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் சிந்துஜா என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரூபினி வயதுதான் இருக்கும், நெற்றியில் கடுகளவு பொட்டு.

"வாங்க அங்கிள், உக்காருங்க."

அங்கேதான் எல்லாம் கெட்டது. ஒரு மலாய் அதிகாரியோ சீன அதிகாரியோ இருந்திருந்தால் தங்கராஜு படித்ததை அப்படியே ஒப்பித்திருப்பார். இது நம்ம பிள்ளை! நம்ம பிள்ளையிடம் போய் நெஞ்சை நிமிர்த்துவதாவது! ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்." தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவள் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள். புத்தியுள்ளவனுக்கு அப்போதே விளங்கியிருக்கும்.

பதினான்காவது கேள்வி வந்தது. தங்கராஜு வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார், துணி நனையாமல் தப்பியதைச் சொன்னார்.

"ஓ, கிரேட்! நீங்க தனியாவா செஞ்சீங்க?"

"நான் என்னம்மா பெரிசா செஞ்சேன்? கூட மகேஸ்வரன்னு ஒருத்தன் இருந்தான். அவன் இல்லன்னா அன்னிக்கு ஒண்ணுமே நடந்திருக்காது."

சொல்லிவிட்டு, "சும்மா சொல்லாதீங்க அங்கிள்" வரும் என்று புன்னகையோடு காத்திருந்தார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். போதவில்லை போலும் என்று தங்கராஜு இன்னும் கொஞ்சம் இறங்கினார். ஃபோர்க்லிஃப்டை மகேஸ்வரன் கையில் கொடுத்தார். அவள் அப்போதும் வாய் திறக்காமல் எழுதினாள். பயந்துபோய், எந்தத் தட்டில் எதை ஏற்றுவது என்று யோசித்த மூளையையும் அவனுக்கே கொடுத்துவிட்டார்.

"நெருக்கடியில பதறாம இருக்கிறதெல்லாம் அவன்கிட்டதாம்மா கத்துக்கணும்."

"அவர் இப்ப எங்க வேலை செய்றாரு அங்கிள்?"

சாட்சி விசாரிக்கிறாள், நல்ல சகுனம் என்று நினைத்த தங்கராஜு, மகேஸ்வரனின் கைப்பேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவள் சரிபார்க்கத் திருப்பிச் சொன்னபோது தலையாட்டவும் செய்தார்.

"நல்லாப் போச்சு. நம்ம பிள்ளைதான். நெறைய எழுதிக்கிச்சு" என்றார் வீட்டுக்கு வந்து.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கராஜுவின் கைப்பேசி அடித்தது. அவர் கை எச்சிலாக இருந்ததால் ரூபினி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மச்சான், வேலை கெடச்சிருச்சுடா!" மகேஸ்வரன்தான்.

தங்கராஜுவின் முகம் மலர்ந்தது. "உனக்கு யாருடா சொன்னா?"

"எனக்குடா! எனக்குக் கெடச்சிருச்சு! அந்தச் செனாய் கிடங்குல ஸ்டோர் கீப்பர். என்னைப் பத்தி நீதான் அப்படிப் பேசினியாமே. உன்னை மாதிரி எவன்டா இருப்பான்!"

இருபத்தாறு வருடமாகத் தொண்டையில் கிடந்த பெருமை அப்போதுதான் வெளியே வந்தது. "டேய், அன்னிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினது நான்டா! சரக்கைக் காப்பாத்தினது நான்! நீ மேசை மேல நின்னு கத்தினே!" தட்டு குலுங்கியது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ரூபினி கேட்ட அதே நிமிர்வு.

"தெரியும்டா. அதைத்தான் நானும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, எல்லாம் தங்கராஜுதான் செஞ்சான்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னேன்."

"அதுக்கு?"

"இவ்ளோ அடக்கமான ஆளை நாங்க பாத்ததே இல்ல அங்கிள்னு சொல்லிட்டு, அங்கேயே கையெழுத்து வாங்கிருச்சு."

ரூபினி தலையில் கை வைத்துக்கொண்டாள். செல்லம் கணவரைப் பார்க்காமல் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"மச்சான், லைன்ல இருக்கியா? திங்கக்கிழமை நான் போயிட்டா இங்க கேட்டுக்கு ஆள் இல்லடா. சூப்பர்வைசர்கிட்ட உன் பேரைச் சொல்லி வச்சிட்டேன். நல்லவன்னு சொன்னேன், சரின்னுட்டாரு. கேள்வி ஒண்ணும் கேக்க மாட்டாங்க, சட்டை சைஸ் மட்டும் வேணுமாம்."

தங்கராஜு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் ஊற்றிய சாம்பார் காய்ந்துகொண்டிருந்தது.

"எக்ஸ்எல்" என்றார்.