ஹில்டா கண்டுபிடித்த பழுது

1953இல் மைசூர் ஆஸ்பத்திரி ஒன்றின் பழைய ராணுவ ஜீப்பை நர்ஸ் ஹில்டாவே ராமாபுரம் கிராமத்து நோயாளிகளைப் பார்க்க ஓட்டிப்போவாள்.

"நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டா மட்டும் கடகடன்னு சத்தம் வருது. முன் சக்கரத்தைச் சுத்த வைக்கிற தண்டைப் பாருங்க," என்றாள் மெக்கானிக் எலியேசரிடம்.

"டிரைவரை அனுப்புங்க சிஸ்டர்."

"நான்தான் டிரைவர்."

அவர் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டினார். சத்தம் போகவில்லை. ஹில்டா வண்டிக்கடியில் படுத்து முன் தண்டைப் பிடித்து ஆட்டினாள். அதன் மூட்டு தேய்ந்து ஆடியது. எலியேசர் புது மூட்டு போட்டார். சத்தம் நின்றது.

மறுநாள் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார். "பழுதை எலியேசர் கண்டுபிடிச்சுட்டாராம். பொம்பளை ஓட்டினதாலதான் தேஞ்சுதாம். திங்கட்கிழமை டிரைவர் வர்றார். சாவியைக் கொடும்மா."

"கண்டுபிடிச்சது நான், டாக்டர்."

"யார் கண்டுபிடிச்சா என்னம்மா?" என்று சிரித்தார்.

அதன் பிறகு ராமாபுரத்துக்கு அவள் பின் ஸீட்டில்தான் போனாள். வண்டி நன்றாகவே ஓடியது.